ரோடு பைக்கில் கியர் சரியாக மாறவில்லையா? எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

ரோடு பைக் வாங்கிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் பெரும்பாலோருக்கு முதலில் வரும் தொல்லை கியர்தான். லீவரை அழுத்தினால் செயின் சற்றுத் தயங்கிப் பிறகு ஏறுகிறது. அல்லது ஏறாமலேயே இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவில் நின்று கரகரக்கிறது. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது திடீரென்று நழுவிக் காலை உலுக்கிவிடுகிறது. அப்போது புதியவர்கள் செய்யும் முதல் வேலை, ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பின் டீரெய்லரில் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் அமைப்பில்) கண்ணில் படும் இரண்டு சிறிய ஸ்க்ரூக்களைத் திருகிப் பார்ப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த ஸ்க்ரூக்கள் தாமாக இடம் மாறுவது மிக அரிது. நேற்றுவரை நன்றாக மாறிய கியர் இன்று மாறவில்லை என்றால், கேபிளின் இறுக்கம், கேபிள் உறைக்குள் சேர்ந்த அழுக்கு, வளைந்த ஹேங்கர் (பின் டீரெய்லரைத் தாங்கும் சிறிய துண்டு), சரியாக உட்காராத சக்கரம், தேய்ந்த செயின் ஆகியவற்றுள் ஏதோ ஒன்றுதான் மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்க்ரூவைத் திருகினால், பழைய பழுது அப்படியே இருக்க, அதன்மேல் புதிய பழுது ஒன்றும் சேரும்.

இங்கே சொல்லப்படுபவை கேபிளால் இயங்கும் ஷிமானோ கியர்களுக்கு, அதாவது புதியவர்களிடம் அதிகம் இருக்கும் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105 வகைகளுக்குப் பொருந்தும். பிற நிறுவனங்களின் கியர்களிலும் தத்துவம் ஒன்றுதான் என்றாலும் அளவுகள் வேறுபடலாம்.

கியர் எப்படி மாறுகிறது

ஷிமானோ 1984இல் தன் டியூரா-ஏஸ் தொகுதியில் ‘கிளிக்’ முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பெல்லாம் லீவரைச் சிறிது சிறிதாக நகர்த்தி, செயினின் ஓசையைக் காதால் கேட்டு, அதைச் சரியான பல்சக்கரத்தில் நிறுத்துவது ஓட்டுபவரின் பொறுப்பாக இருந்தது. கிளிக் முறையில் லீவர் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு குறிப்பிட்ட நீளக் கேபிளை மட்டுமே இழுக்கிறது அல்லது விடுகிறது. செயின் எங்கே நிற்கிறது என்பது லீவருக்குத் தெரியாது. 8 ஸ்பீடு கேசட்டில், அதாவது பின்சக்கரத்தில் உள்ள எட்டுப் பல்சக்கரங்களின் அடுக்கில், ஒரு பல்சக்கரத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம்வரை 4.8 மி.மீ. இடைவெளி உண்டு. 10 ஸ்பீடில் அது 3.95 மி.மீ. ஆகவும், 11 ஸ்பீடில் சுமார் 3.7 மி.மீ. ஆகவும் குறைகிறது. ஆகவே 8 ஸ்பீடு கிளாரிஸ் கியர் பொறுத்துக்கொள்ளும் ஒரு சிறு பிசகை 11 ஸ்பீடு 105 கியர் பொறுத்துக்கொள்ளாது.

இன்னொன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. டீரெய்லரைப் பெரிய பல்சக்கரத்தின் பக்கம் கொண்டுபோவது கேபிளின் இழுப்பு. சிறிய பல்சக்கரத்தின் பக்கம் திருப்பிக் கொண்டுவருவது டீரெய்லருக்குள் இருக்கும் ஸ்பிரிங். எனவே பெரியதற்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது என்று பொருள். சிறியதற்கு இறங்கத் தயங்கினால் கேபிள் அளவுக்கு மீறி இறுகியிருக்க வேண்டும், அல்லது கேபிள் உறைக்குள் உராய்ந்து, ஸ்பிரிங் இழுத்தும் வர மறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் தயங்கினால் ஏறக்குறைய எப்போதும் உராய்வுதான் காரணம். அதை எந்த ஸ்க்ரூவாலும் சரிசெய்ய முடியாது.

கருவியை எடுப்பதற்கு முன்

முதலில் ஓட்டும் முறையைப் பாருங்கள். செயின் முன்னோக்கி ஓடிக்கொண்டிருந்தால்தான் கியர் மாறும். மிதிப்பதை நிறுத்திவிட்டு லீவரை அழுத்தினால் மாறாது, மீண்டும் மிதிக்கும்போது பெரும் ஓசையுடன் தாவும். முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினாலும் செயின் திணறும். மாற்றும் அந்த அரைச் சுற்றுக்கு மட்டும் கால் அழுத்தத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். கொல்லிமலை போன்ற ஏற்றங்களில் கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்த பிறகு கியரைத் தேடுபவர்களுக்கு எவ்வளவு நல்ல டீரெய்லர் இருந்தும் பயனில்லை. வளைவு வருவதற்கு முன்பே, சக்கரம் இன்னும் வேகத்தோடு ஓடும்போதே இறக்கிக்கொள்ள வேண்டும். முன்னால் பெரிய செயின்ரிங்கிலும் (பெடலோடு சுழலும் பல்சக்கரம்) பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்திலும் ஒரே நேரத்தில் செயினை வைத்து ஓட்டும்போது எழும் ஓசையும் பழுது அல்ல. செயின் கோணலாக ஓடுவதால் எழும் ஓசை அது.

அடுத்து, பின்சக்கரம். பஞ்சர் ஒட்டிய பிறகு தொடங்கிய கியர் கோளாறு என்றால் வேறெதையும் பார்க்க வேண்டாம். குயிக் ரிலீஸ் வகைச் சக்கரமாக இருந்தால், சைக்கிளை நேராகத் தரையில் நிறுத்தி, சக்கர அச்சில் உள்ள லீவரைத் தளர்த்தி, சீட்டைக் கீழ்நோக்கி அழுத்தி, அச்சு ஃபிரேமின் பள்ளத்தில் இருபுறமும் முழுதாக உட்கார்ந்த பிறகு மீண்டும் இறுக்குங்கள். அச்சு ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தால்கூட கேசட் முழுவதும் சாய்ந்துவிடும்.

பிறகு செயினையும் கேசட்டையும் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். அழுக்கேறிய செயினை வைத்துக்கொண்டு செய்யும் எந்த அளவீடும் நம்பத்தக்கதாக இராது. துடைக்கும்போதே கேசட்டைக் கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள். பல்சக்கரங்கள் தளர்ந்து ஆடினால், கேசட்டைப் பிடித்து நிறுத்தும் லாக்ரிங் இறுக்கப்படவில்லை. அதை அதற்குரிய கருவியால் சுமார் 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க வேண்டும்.

ஹேங்கர்: கண்ணுக்குத் தெரியாத குற்றவாளி

பின் டீரெய்லர் ஃபிரேமில் நேரடியாகப் பொருத்தப்படுவதில்லை. இடையில் ஹேங்கர் என்ற சிறிய அலுமினியத் துண்டு இருக்கிறது. விழும்போது விலையுயர்ந்த ஃபிரேமும் டீரெய்லரும் உடையாமல், இந்த மலிவான துண்டு வளைந்து அடியைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். நின்ற சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தாலே அது வளையலாம். அட்டைப்பெட்டியில் அடைத்து லாரியில் வரும் புது சைக்கிளிலும் வளைந்திருக்கலாம் என்பதால், புது சைக்கிளில் இது இருக்காது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சைக்கிளுக்குப் பின்னால், டீரெய்லரின் உயரத்துக்கு உங்கள் கண் வருமாறு குந்தி உட்காருங்கள். செயின் நடுப் பல்சக்கரம் ஒன்றில் இருக்கட்டும். டீரெய்லரில் செயின் ஓடும் இரண்டு சிறு சக்கரங்களான மேல் புல்லி, கீழ்ப் புல்லி, அவற்றோடு அந்தப் பல்சக்கரம் ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில், ஒரே தளத்தில் நிற்க வேண்டும். கீழ்ப் புல்லி சக்கரக் கம்பிகளின் பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்துவிட்டது. ஓட்டும்போது இதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு: கேசட்டின் ஒரு பாதியில் கியர் அழகாக மாறும், மறுபாதியில் தடுமாறும், மறுபாதியைச் சரிசெய்தால் முதல் பாதி கெட்டுவிடும். மணிக்கணக்கில் கேபிளைத் திருகிச் சலித்துப்போகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சுழலில்தான் சிக்கியிருப்பார்கள். நல்ல கடைகளில் ஹேங்கரின் மரையில் திருகிப் பொருத்தி, சக்கர விளிம்பின் நான்கு புறமும் இடைவெளியை ஒப்பிட்டு, தேவையான பக்கம் நெம்பி நேராக்கும் நீண்ட கைப்பிடி கொண்ட கருவி இருக்கும். அந்தக் கருவி இல்லாமல் வெறும் கையால் நெம்பித் தருகிறேன் என்று சொல்லும் கடையில் விடாதீர்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஹேங்கரின் வடிவம் வேறுபடும், அவசரத்துக்குக் கிடைக்காது. ஆகவே உங்கள் ஃபிரேமுக்குரியது ஒன்றை இப்போதே வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

கேபிள்: பெரும்பாலான கோளாறுகளின் இருப்பிடம்

சக்கரமும் ஹேங்கரும் சரியாக இருந்தால் அடுத்து நிதானமாகப் பார்க்க வேண்டியது கேபிள். இதற்குக் கருவியே தேவைப்படாத ஒரு சோதனை இருக்கிறது. பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றி, செயினை மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றுங்கள். பெடலை நிறுத்துங்கள். இப்போது பெடலைச் சுற்றாமலேயே, கேபிளை விடும் லீவரைக் கடைசிக் கிளிக் வரை அழுத்துங்கள். செயின் நகர முடியாததால் டீரெய்லர் அங்கேயே நிற்க, கேபிள் மட்டும் தளர்ந்து தொங்கும். கேபிள் ஃபிரேமுக்கு வெளியே செல்லும் சைக்கிள்களில் இந்தத் தளர்வைப் பயன்படுத்தி, வெளி உறைகளை அவற்றின் பிளவுள்ள தாங்கிகளிலிருந்து கையாலேயே வெளியே எடுத்துவிடலாம். உறையைக் கேபிளின் மேல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. மணல் அரைபடுவதுபோல் தட்டுப்பட்டாலோ, கேபிளில் பழுப்புத் துரு தெரிந்தாலோ பழுது கிடைத்துவிட்டது. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற இடங்களில் நாள்தோறும் ஓட்டுபவர்களுக்கு உப்புக் காற்றினால் இது விரைவிலேயே வரும்.

குறிப்பாகப் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, டீரெய்லருக்குள் நுழைவதற்கு முன் வளையமாக வரும் கடைசி உறைத் துண்டு. பின்சக்கரம் வாரியடிக்கும் சேறும் மழைநீரும் முதலில் சேரும் இடம் அதுதான். அந்தச் சிறிய துண்டை மட்டும் மாற்றினாலே பல சைக்கிள்கள் புதியவைபோல் மாறிவிடும். இரண்டாவது, பெடலைத் தாங்கும் கிராங்குக்குக் கீழே ஃபிரேமின் அடியில் கேபிள் வளைந்து செல்லும் பிளாஸ்டிக் வழிகாட்டி. தண்ணீர் பாட்டிலிலிருந்து சொட்டும் சர்க்கரைக் கலந்த பானம் ஃபிரேம் வழியே வழிந்து அங்கே காய்ந்து, தூசியோடு சேர்ந்து பசைபோல் ஒட்டிக்கொள்ளும். சைக்கிளைத் திருப்பிப் பார்த்தால் ஒழிய அது கண்ணில் படாது. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும்.

மூன்றாவது இடம்தான் ஆபத்தானது: லீவருக்குள், கேபிளின் தலைக்கு அருகில். அங்கே கேபிள் சிறிய வளைவில் மீண்டும் மீண்டும் மடங்கி நிமிர்வதால் மெல்லிய எஃகு இழைகள் ஒவ்வொன்றாக அறுபடுகின்றன. ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் கேபிளைச் சிறிது இறுக்க வேண்டியிருக்கிறது, ஆனாலும் மறுநாள் தளர்ந்துவிடுகிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். லீவரைச் சிறிய பல்சக்கரத்துக்குரிய நிலையில் வைத்து, ரப்பர் உறையை மடக்கி, கேபிள் தலை தெரியும் துளையில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரிழை பிரிந்திருந்தாலும் அன்றே மாற்றிவிடுங்கள். முழுதாக அறுந்தால் கேபிளின் தலை லீவருக்குள் சிக்கிக்கொள்ளும். அதை எடுப்பது பெரும்பாடு, சில வேளைகளில் லீவரே வீணாகும்.

கேபிள் மாற்றும்போது வெளி உறையையும் சேர்த்து மாற்றுவதே முறை. இங்கே ஓர் எச்சரிக்கை. கியர் கேபிளின் உறை வேறு, பிரேக் கேபிளின் உறை வேறு. கியர் உறைக்குள் எஃகுக் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன, அதனால் இழுக்கும்போது அது சுருங்குவதில்லை. பிரேக் உறையில் கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. அதைக் கியருக்குப் போட்டால் ஒவ்வொரு கிளிக்கிலும் உறை சற்றுச் சுருங்கி அளவு தவறும். மாறாகக் கியர் உறையைப் பிரேக்குக்குப் போடவே கூடாது. அழுத்தத்தில் பிளந்து பிரேக் பிடிக்காமல் போகலாம். சாதாரண சைக்கிள்களையே பழுதுபார்க்கும் கடைகளில் இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் மாட்டிவிடுவதுண்டு, ஆகவே அருகில் நின்று கேளுங்கள். உறையை வெட்டிய பிறகு நசுங்கிய வாயை ஒரு ஊசியால் திறந்துவிட வேண்டும். டீரெய்லரில் கேபிளைப் பிடிக்கும் போல்ட்டை 6 முதல் 7 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் போதும். புதிய கேபிள் ஒரு சில நாளில் தளர்வது இயல்பு. கேபிள் நீள்வதைவிட உறைகளின் முனைகள் தாங்கிகளில் அமர்வதே அதற்குப் பெரிய காரணம்.

இப்போது அளவைத் திருத்தலாம்

உராய்வு இல்லை, ஹேங்கர் நேராக இருக்கிறது என்று உறுதியான பிறகே இந்த வேலை. டீரெய்லருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் விரலால் திருகக்கூடிய பேரல் அட்ஜஸ்டர் இருக்கும். சில சைக்கிள்களில் அது லீவருக்கு அருகிலோ ஃபிரேமிலோ இருக்கும். டீரெய்லரில் இருப்பதைப் பின்னாலிருந்து பார்த்துக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திருகினால் கேபிள் இறுகும். கடிகாரத் திசையில் திருகினால் தளரும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் பெடலைச் சுற்றி, பல கியர்களை மாற்றிப் பாருங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு ஷிமானோ சொல்லும் முறை ஒன்று உண்டு, அதையே நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். செயினைச் சிறிய பல்சக்கரத்திலிருந்து இரண்டாவதற்கு ஏற்றுங்கள். பெடலைச் சுற்றிக்கொண்டே, ஏற்றும் லீவரைக் கிளிக் ஆகும் அளவுக்கு அல்லாமல், அதன் வெற்று அசைவு தீரும்வரை மட்டும் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். செயின் மூன்றாவது பல்சக்கரத்தை உரசி ஓசை எழுப்பினால், ஆனால் அதில் ஏறாமல் இருந்தால், அளவு சரி. ஓசையே எழவில்லை என்றால் கேபிளை இறுக்க வேண்டும். மூன்றாவதில் ஏறிவிட்டால் தளர்த்த வேண்டும். லீவரை விட்டதும் ஓசை முற்றிலும் அடங்க வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன அந்த இரண்டு சிறிய ஸ்க்ரூக்களுக்கு, அதாவது லிமிட் ஸ்க்ரூக்களுக்கு வருவோம். எச் (H) என்று குறித்தது சிறிய பல்சக்கரப் பக்கத்துக்கும், எல் (L) என்று குறித்தது பெரிய பல்சக்கரப் பக்கத்துக்கும் எல்லை வகுக்கின்றன. அவை கியரைத் துல்லியமாக மாற்றுவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. செயின் கேசட்டைத் தாண்டி விழாமல் தடுப்பவை, அவ்வளவுதான். கடிகாரத் திசையில் திருகினால் எல்லை குறுகும். சிறிய பல்சக்கரத்தில், பின்னாலிருந்து பார்க்கும்போது, மேல் புல்லி அந்தப் பல்சக்கரத்தின் வெளி விளிம்புக்கு நேர் கீழே நிற்க வேண்டும். பெரியதில் அதன் நேர் கீழே நிற்க வேண்டும். எல் ஸ்க்ரூவை மட்டும் மலைப் பயணத்துக்கு முன் கட்டாயம் சோதியுங்கள்: செயின் பெரிய பல்சக்கரத்தில் இருக்கும்போது டீரெய்லரை உள்நோக்கிக் கையால் தள்ளினால் அது சக்கரக் கம்பிகளின் பக்கம் மேலும் நகரக் கூடாது. நகர்ந்தால், ஏற்றத்தில் கடைசிக் கியரைத் தேடும் நேரத்தில் செயின் கம்பிகளுக்குள் விழும். டீரெய்லரும் சக்கரமும் சேர்ந்தே நாசமாகும்.

மூன்றாவதாக உள்ள பி (B) ஸ்க்ரூ, மேல் புல்லிக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தைத் தீர்மானிக்கிறது. 5 அல்லது 6 மி.மீ. இடைவெளி பொதுவாகச் சரியாக இருக்கும். பெரிய கேசட் மாற்றிய பிறகு பெரிய பல்சக்கரத்தில் மட்டும் கடகடவென்று ஓசை வந்தால் இதைத் திருகுங்கள்.

தாவுவதும் நழுவுவதும்

அளவு தவறிய கியரில் செயின் பக்கவாட்டில் அடுத்த பல்சக்கரத்துக்குத் தாவும். தேய்ந்த கேசட்டில் அது அதே பல்சக்கரத்திலேயே பற்களின் மேல் ஏறி முன்னோக்கி நழுவும், அதுவும் அழுத்தி மிதிக்கும்போது மட்டும். இரண்டுக்கும் தீர்வு வேறு. செயினை அளக்க ஓர் எஃகு அளவுகோல் போதும்: ஒரு பின்னின் மையத்திலிருந்து எண்ணி 24 கண்ணிகள் தாண்டிய பின்னின் மையம்வரை புதுச் செயினில் 304.8 மி.மீ. இருக்கும். 11 ஸ்பீடு செயினை 0.5 சதவீதம் நீண்டதும், அதாவது சுமார் 306.3 மி.மீ. ஆனதும் மாற்ற வேண்டும். 10 ஸ்பீடும் அதற்குக் குறைந்தவையும் 0.75 சதவீதம்வரை, சுமார் 307 மி.மீ. வரை தாங்கும். காலம் கடந்து மாற்றினால் புதுச் செயின் பழைய கேசட்டில் ஒட்டாது, இரண்டையும் சேர்த்து வாங்க நேரிடும். செயினுக்கான செலவைத் தள்ளிப்போட்டு அதைப்போல் சில மடங்கு கொடுத்துக் கேசட் வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு முறை மட்டும் தாவினால், இறுகிப்போன ஒரு கண்ணி இருக்கக்கூடும். பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றினால், அந்தக் கண்ணி கீழ்ப் புல்லியைக் கடக்கும்போது டீரெய்லர் துள்ளும். அந்த இடத்தை இரு கைகளாலும் பக்கவாட்டில் மெல்ல வளைத்து எண்ணெய் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பழைய பாகத்தோடு புதியது சேர்த்தவர்கள் பொருத்தத்தையும் சரிபார்க்க வேண்டும். 10 ஸ்பீடு என்ற பெயர் ஒன்றாக இருப்பது போதாது: டியாக்ரா 4700 வரிசையின் லீவர், அதற்கு முந்திய 10 ஸ்பீடு டீரெய்லரோடு ஒத்துப்போகாது, இரண்டும் கேபிளை இழுக்கும் அளவு வேறு. இப்படிப்பட்ட இணையை எவ்வளவு திருகினாலும் சீராக்க முடியாது.

முன் டீரெய்லர்

முன்பக்கத்தில் பார்க்க வேண்டியவை குறைவு. முன் டீரெய்லரில் செயினைச் சூழ்ந்து நிற்கும் கூண்டின் வெளித்தகடு பெரிய செயின்ரிங்கின் பற்களுக்கு மேல் 1 முதல் 3 மி.மீ. உயரத்தில், செயின்ரிங்குக்கு இணையாக நிற்க வேண்டும். இந்த இரண்டும் தவறினால் ஸ்க்ரூக்கள் உதவா. செயின் உட்பக்கம் விழுந்தால், அதைச் சிறிய செயின்ரிங்கிலும் பெரிய பல்சக்கரத்திலும் வைத்து, உள்தகட்டுக்கும் செயினுக்கும் இடையே அரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாதபடி எல் ஸ்க்ரூவைத் திருத்துங்கள். வெளிப்பக்கம் விழுந்தால் பெரிய செயின்ரிங்கிலும் சிறிய பல்சக்கரத்திலும் வைத்து, வெளித்தகட்டுக்கும் செயினுக்கும் இடையே அதே அளவு இருக்கும்படி எச் ஸ்க்ரூவைத் திருத்துங்கள். பின் கியரை மாற்றும்போது முன் கூண்டில் செயின் உரசினால், இடது லீவரில் டிரிம் எனப்படும் அரைக் கிளிக் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த உரசலைப் போக்கவே அது வைக்கப்பட்டிருக்கிறது. அது இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் உரசலோடு ஓட்டுபவர்கள் உண்டு.

வழியில் கேபிள் அறுந்தால்

பின் கேபிள் அறுந்ததும் ஸ்பிரிங் டீரெய்லரை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு, அதாவது மிதிக்க மிகக் கடினமான கியருக்குக் கொண்டுபோய்விடும். அதில் வீடுவரை மிதிப்பது முழங்காலுக்குத் தண்டனை. அறுந்த கேபிளின் முனையைச் சக்கரத்தில் சிக்காதபடி சுருட்டிக் கட்டிவிட்டு, டீரெய்லரை உள்நோக்கிக் கையால் தள்ளிப் பிடித்தபடி எச் ஸ்க்ரூவைக் கடிகாரத் திசையில் போகும் வரை திருகுங்கள். பெடலைச் சுற்றினால் செயின் ஒன்றிரண்டு பல்சக்கரங்கள் உள்ளே வந்து நிலையாக ஓடும். முன்னால் சிறிய செயின்ரிங்கையும் பயன்படுத்தினால் சுமாரான இரண்டு கியர்கள் கிடைத்துவிடும். எத்தனை சுற்றுத் திருகினீர்கள் என்பதைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். புதுக் கேபிள் மாட்டும்போது அதே அளவு பின்னோக்கித் திருகி, மேல் புல்லியின் நிலையை மேலே சொன்னபடி சரிபார்த்த பிறகே கேபிளை இறுக்க வேண்டும்.